உகாண்டாவில் குழந்தைகள் நடுவே: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் 2022 பிப்ரவரி முதல் 2024 ஆகஸ்ட் வரை உகாண்டாவில், ஜின்ஜா நகரத்துக்குப் பக்கத்தில், குழந்தைகளுக்கான ஒரு சிறிய கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தில் தன்னார்வலர்களாக இருந்தோம். நான் நர்ஸ். அவர் கணக்கு பார்ப்பவர். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம். திரும்பி வந்ததிலிருந்து சபையிலும் வாலிபர் கூட்டத்திலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும்கூட, ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். போக ஆசைப்படுகிற பிள்ளைகளும் அவர்களை அனுப்பப் பயப்படுகிற பெற்றோரும் கேட்கிறார்கள். காணிக்கை அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் வேலை செய்தது அநாதை இல்லத்திலா?

போகும்போது நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். சபையில் எங்களை வழியனுப்பியபோது யாக்கோபு 1:27-ஐ வாசித்து ஜெபித்தார்கள். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதுதான் மாசில்லாத பக்தி என்று சொல்கிற வசனம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், அவர்களைத் தூக்கி வைத்துக்கொண்டு நாங்கள். மனதில் இருந்த படம் அதுதான்.

ஒரு மாதத்துக்குள் அந்தப் படம் கலைந்துவிட்டது. வேலைக்கான அனுமதி வரும்வரை, பிள்ளைகளின் பழைய ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். ஒவ்வொரு ஃபைலிலும் 'தாய்', 'தகப்பன்' என்று இரண்டு வரி உண்டு. இரண்டும் காலியாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் திறந்தேன். ஃபைலுக்கு ஃபைல் பெயர்கள் இருந்தன. ஊர் இருந்தது. சில ஊர்கள் இல்லத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான்.

இது எங்கள் இல்லத்தில் மட்டும் நடந்த கதை இல்லை. இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ரன் அமைப்பு 2009-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. உகாண்டாவில் எய்ட்ஸ் 1980களிலும் 90களிலும் பல கிராமங்களில் நடுவயதுக்காரர்களை வாரிக்கொண்டு போனது. வடக்கே 20 ஆண்டுகள் நடந்த உள்நாட்டுப் போர் இன்னும் பல குடும்பங்களைச் சிதறடித்தது. அந்தக் காலத்தில் இல்லங்கள் தேவைப்பட்டன. நல்ல மனதோடுதான் கட்டினார்கள். காலம் மாறிய பிறகும் இல்லங்கள் நின்றன, கட்டில்கள் நின்றன. காலியான கட்டிலுக்குப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

ஏன் வந்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பள்ளிக்கூடச் செலவு. 1997 முதல் அரசு தொடக்கப் பள்ளிகளில் கட்டணம் கிடையாது. ஆனால் சீருடை, நோட்டு, மதியச் சாப்பாடு, பரீட்சைக்கு என்று ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவனை இல்லத்தில் சேர்த்தால் அவனாவது படிப்பான் என்று ஒரு தாய் முடிவெடுக்கிறாள். பிரசவத்தில் மனைவியை இழந்த தகப்பன் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கால் நடக்க வராத பிள்ளைக்கு அந்தக் கிராமத்தில் என்ன வழி? இப்படித்தான் ஒவ்வொரு ஃபைலும் ஆரம்பிக்கிறது.

லுகாண்டா மொழியில் பெற்றோரை இழந்த பிள்ளையை 'முலேக்வா' என்பார்கள். ஆனால் அதே மொழியில் தாத்தா பாட்டிக்கு 'ஜஜ்ஜா' உண்டு. அப்பாவின் சகோதரிக்கு 'சேங்கா' உண்டு. வயசுக்கு வந்த பெண்ணுக்குப் புத்தி சொல்வதும், கல்யாணத்தில் முன்னே நிற்பதும் அவள்தான். அம்மாவின் சகோதரன் 'கொஜ்ஜா'. அத்தைக்கும் தாய்மாமனுக்கும் தனித்தனி இடம் வைத்திருக்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாட்டியும் அத்தையும் மாமனும் இருக்கிற பிள்ளையை நம் ஊரில் யாராவது அநாதை என்போமா? ஆப்பிரிக்கப் பிள்ளை என்றதும் மட்டும் எப்படி அந்தச் சொல் நம் வாயில் வந்துவிடுகிறது?

தேவன் தனிமையானவர்களுக்கு வீடுவாசல் ஏற்படுத்துகிறார் என்று 68-ஆம் சங்கீதத்தில் வாசிக்கிறோம். இப்போது அந்த வரியில் 'வீடு' என்ற சொல்லில்தான் என் கண் நிற்கிறது.

அப்படியானால் அந்த நிறுவனம் என்னதான் செய்கிறது?

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறது. அனுப்பிய பிறகு கூடவே நிற்கிறது. நாங்கள் போனபோது கூடத்தில் இரண்டு வரிசை இரும்புக் கட்டில்கள் நிறைந்திருந்தன. கிளம்பும்போது பாதிக்கு மேல் காலி. எங்கள் இரண்டரை வருஷத்தில் நாங்கள் பார்த்த பெரிய ஆசீர்வாதம் அதுதான்.

வேலை மெதுவாகத்தான் நடக்கும். அங்குள்ள சமூகப் பணியாளர் முதலில் கிராமத்தின் எல்.சி. 1 சேர்மனைப் பார்ப்பார். அவர் நம் ஊர்த் தலைவர் மாதிரி, அவருக்குத் தெரியாமல் கிராமத்தில் எதுவும் அசையாது. அப்புறம் மாவட்ட நன்னடத்தை அலுவலர். பிள்ளையை இல்லத்தில் வைப்பதற்கும் எடுப்பதற்கும் நீதிமன்ற உத்தரவு, அரசு அலுவலரின் அனுமதி எல்லாம் உண்டு, யாரும் நினைத்தபடி செய்ய முடியாது. பிறகு குடும்பத்தைப் பலமுறை போய்ப் பார்ப்பது, பிள்ளையை ஒருநாள் கூட்டிப்போய்த் திரும்ப அழைத்து வருவது, அடுத்து ஒரு வாரக் கடைசி, அடுத்து பள்ளி விடுமுறை முழுவதும். எல்லாம் சரியென்று தெரிந்தால்தான் மெத்தையும் பெட்டியும் ஏறும்.

அடி, உதை, அதைவிட மோசமானவை நடந்த வீடுகளும் உண்டு. அங்கே திருப்பி அனுப்பவே கூடாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வேறு உறவினர் வீடோ வளர்ப்புக் குடும்பமோ தேடுவார்கள். கிடைக்கும்வரை இல்லம் வேண்டும். அதனால் இல்லம் என்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது வயதுப் பையன். நான்கு வயதில் இல்லத்துக்கு வந்தவன். ஃபைலில் 'உறவினர்: யாருமில்லை', 'தடுப்பூசி விவரம்: இல்லை' என்று எழுதியிருந்தது. சமூகப் பணியாளர் ஏதோ ஒரு சந்தையில் விசாரித்து, ஒரு ஜஜ்ஜா இருக்கிறார் என்று கண்டுபிடித்தார். நானும் கூடப் போனேன். வாழைத் தோப்புக்குள் மண்சுவர் வீடு, தகரக் கூரை. எங்களைப் பாயில் உட்கார வைத்துவிட்டுப் பாட்டி உள்ளே போனார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் முடிச்சுப் போட்ட ஒரு பாலிதீன் பை. முடிச்சை அவிழ்க்க விரல் ஒத்துழைக்கவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தார். உள்ளே இன்னொரு பை. அதற்குள் அந்தப் பையனின் தடுப்பூசி அட்டை. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. போலியோ, தட்டம்மை எல்லாத் தேதியும் இருந்தன. ஐந்து வருஷம் கூரைக்கடியில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், திரும்பி வந்தால் ஆஸ்பத்திரியில் கேட்பார்களே என்று.

'யாருமில்லை' என்று எழுதிய கை யாருடையது என்று தெரியாது. அதைக் கம்ப்யூட்டரில் அப்படியே அடித்தது என் கை.

நர்ஸ் என்பதால் போனதும் வைத்தியம் பார்க்கலாமா?

கூடாது. உகாண்டா செவிலியர், மருத்துவச்சியர் கவுன்சிலில் பதிவு செய்யாமல் அங்கே ஊசி போடக்கூடாது. நம் ஊரில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து, பதிவில்லாமல் நம் பிள்ளைக்கு மருந்து கொடுத்தால் விடுவோமா? பதிவு கைக்கு வர மாதக்கணக்காகும். அதுவரை உள்ளூர் நர்ஸுக்கு உதவியாளாக இருந்தேன். உண்மையில் பதிவு வந்த பிறகும் அப்படித்தான் இருந்தேன், ஏனென்றால் அங்குள்ள நோய்கள் அவருக்குத்தான் தெரியும்.

ஜிக்கர் என்ற ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. மண்ணில் வாழும் தெள்ளுப்பூச்சி. பெண் பூச்சி கால் தோலுக்குள் துளைத்துப் போய், முட்டை நிறைந்து பட்டாணி அளவுக்கு வீங்கும். வெளியே பார்த்தால் வெள்ளை வீக்கம், நடுவில் ஒரு கரும்புள்ளி. நகத்துக்கடியில், குதிகாலில், விரல் இடுக்கில் என்று ஒரே காலில் பத்து இருபது இருக்கும். ஜின்ஜா இருக்கும் புசோகா பகுதியில் இது ரொம்பக் காலமாக உள்ள தொல்லை. முற்றினால் பிள்ளையால் நடக்க முடியாது, புண் சீழ் பிடிக்கும், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அந்த நர்ஸ் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். பேசினில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். பிள்ளையின் கால் அதில் ஊறும்வரை அவசரமே இல்லை. அப்புறம் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். "ஆர்சனலா, மான்செஸ்டரா?" என்று கேட்பார். பையன் ஆர்சனல் என்பான். "ஏன் ஆர்சனல்?" என்பார். அவன் ஆட்டக்காரர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கரும்புள்ளியைச் சுற்றி ஊசியால் மெல்ல விலக்கி, முட்டைப்பை உடையாமல் முழுதாக எடுத்துவிடுவார். உடைந்தால் புண்ணாகும். எடுத்ததை மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போடுவார். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருப்பேன். முதல் ஆறு மாதம் என் வேலை டார்ச் பிடிப்பதுதான்.

எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் மூன்றாம் வாரம் அதே பிள்ளை அதே காலோடு வரும். வீட்டுத் தரை புழுதி மண், ஆடும் கோழியும் அதே இடத்தில். தரைக்கு சிமென்ட் பூசிய வீட்டுப் பிள்ளைகள் திரும்ப வரவில்லை. சிமென்ட் மூட்டையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று என் கணவர் நர்ஸிடம் கேட்டார். "மருந்து" என்றார் அவர். அப்படியே எழுதினோம்.

உங்கள் கணவருக்கு அங்கே என்ன வேலை? கணக்குக்கு ஒரு ஆள் தேவையா?

ரொம்பத் தேவை. நன்கொடை எங்கிருந்து வந்தது, எந்தப் பிள்ளையின் பெயரில் வந்தது, எவ்வளவு அந்தப் பிள்ளைக்குப் போனது என்று காட்ட முடியாத நிறுவனம் எவ்வளவு ஜெபித்தாலும் ஒருநாள் சரியும். அவர் ஒரு உள்ளூர்ப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் வருஷம் அந்தப் பெண்ணே எல்லாம் பார்த்துக்கொண்டார். மூன்றாம் வருஷம் இவர் தேவைப்படவில்லை. அதனால்தான் கிளம்பினோம். இவருடைய வேலை நன்றாக முடிந்தது என்றே நினைக்கிறேன்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஆறரைக்கு விடியும். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருஷம் முழுவதும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். ஏழரைக்குப் பாட்டும் ஜெபமும், அப்புறம் வேலை. கிராமத்துக்குப் போகும் நாளென்றால் பாதி நாள் சாலையில் போய்விடும். மழைக்காலத்தில், அதாவது மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும், செம்மண் பாதை சேறாகி வண்டி நகராது. கரண்ட் போகும், தண்ணீர் நிற்கும், மஞ்சள் கேனில் பிடித்து வைத்துக்கொள்வோம். இதெல்லாம் நமக்குப் பழக்கம்தானே. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் என்பதால், நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு அங்குள்ள வெயில் சுகமாகவே இருக்கும்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

எங்கள் மாவட்டத்துக்காரருக்கு அங்கே பாதி வீட்டுச் சாப்பாடுதான். மரவள்ளிக்கிழங்கு உண்டு. பலாப்பழம் தெருவெல்லாம் உண்டு, 'ஃபேனே' என்பார்கள். 'டோடோ' என்று ஒரு கீரை சமைத்தார்கள். ஆவலோடு போய்ப் பார்த்தால் நம் முளைக்கீரை வகை! ஏரியில் பிடித்துக் காயவைத்த 'முகேனே' என்ற பொடிமீனை நம் நெத்திலிக் கருவாடு மாதிரி வறுத்துவிடலாம்.

முக்கியச் சாப்பாடு மட்டோக்கே. பச்சை வாழைக்காயைத் தோல் சீவி, வாழை இலையில் பொதிந்து, மணிக்கணக்காக ஆவியில் வேகவைத்து மசிப்பார்கள். மேலே நிலக்கடலைக் குழம்பு. முதல் வாரம் சப்பென்று இருக்கும், மூன்றாம் மாதம் அது இல்லாமல் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. பள்ளிகளில் தினமும் போஷோவும் பீன்ஸும். போஷோ என்பது மக்காச்சோள மாவுக் களி. சாலையோரம் சப்பாத்திக்குள் முட்டை அடையைச் சுருட்டிக் கொடுப்பார்கள், அதற்கு ரோலெக்ஸ் என்று பெயர். சப்பாத்தி இந்தியர்கள் கொண்டுபோனது. இப்போது அது அவர்களுடைய சாப்பாடு. மிளகாய்ப்பொடி மட்டும் இங்கிருந்து எடுத்துப் போங்கள்.

மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது?

ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழி. அலுவலகத்தில், பள்ளியில், சபையில் பாதி நேரம் அதை வைத்துச் சமாளிக்கலாம். ஜின்ஜா பக்கத்தில் லுசோகாவும் லுகாண்டாவும் பேசுவார்கள். ஒரு பாட்டியிடம் அவர் மனதில் இருப்பதைக் கேட்க ஆங்கிலம் உதவாது. தினமும் ஒரு மணி நேரம் லுகாண்டா படித்தோம்.

வணக்கம் சொல்வதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். வேலை செய்துகொண்டிருக்கிற யாரைக் கடந்து போனாலும் 'ஜெபலே கோ' என்பார்கள். நீ உழைப்பதற்கு நன்றி என்று பொருள். தெரியாத ஆளாக இருந்தாலும், யாருக்காக உழைத்தாலும் நன்றி உண்டு. பெண்பிள்ளைகள் பெரியவர்களுக்கு முழங்காலிட்டு வணக்கம் சொல்வார்கள். முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது, தூக்கி நிறுத்தப் போனேன். பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். மரியாதையை வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும் என்று அன்று புரிந்தது.

இந்தியர்களை அங்கே எப்படிப் பார்க்கிறார்கள்?

வெள்ளைக்காரரை 'முசுங்கு' என்பார்கள், நம்மை 'முயிண்டி'. முயிண்டி என்றாலே கடைக்காரர், முதலாளி என்றுதான் நினைப்பார்கள். இந்தியரிடம் வேலை பார்த்துக் கசந்தவர்களும் இருக்கிறார்கள், நன்றியோடு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். 1972-ல் அப்போதைய அதிபர் இடி அமீன் ஆசியர்கள் எல்லோரையும் 90 நாளில் வெளியேறச் சொன்னார். ஜின்ஜாவின் பிரதான சாலையில் பழைய கட்டடங்களின் நெற்றியில் குஜராத்திப் பெயர்களும் கட்டிய வருஷமும் இன்னும் இருக்கின்றன. 1986-க்குப் பிறகு பலர் திரும்பி வந்தார்கள். நைல் நதி விக்டோரியா ஏரியிலிருந்து புறப்படுகிற இடத்தில் காந்தியின் சிலை இருக்கிறது, 1948-ல் அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியை அங்கே கரைத்தார்கள்.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு முயிண்டி எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து எங்களோடு கையால் சாப்பிடுகிறாளே என்று ஒரு தாய் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார். கையால் சாப்பிட்டது நமக்குப் பெரிய விஷயமில்லை. அவருக்கு அது பெரிதாக இருந்தது.

அங்கே சுவிசேஷம் சொல்ல வாய்ப்பு உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலர் மனதில் கிறிஸ்துவை அறியாத தேசம் ஒன்று இருக்கிறது. 2014 மக்கள்தொகைக் கணக்கின்படி உகாண்டாவில் கத்தோலிக்கர் 39 சதவீதம், ஆங்கிலிக்கன் சபையார் 32 சதவீதம், பெந்தெகொஸ்தேயினர் 11 சதவீதம். முஸ்லிம்கள் 14 சதவீதம் போல. 1885 முதல் 1887 வரை அரண்மனையில் வேலை பார்த்த இளைஞர்கள் விசுவாசத்தை விடமாட்டோம் என்று சொல்லி நெருப்பிலும் வாளாலும் உயிர்விட்ட தேசம் அது. அவர்களில் கிசிட்டோவுக்கு 14 வயதுதான் இருக்கும் என்பார்கள். ஜூன் 3 அன்று, அவர்களில் பலரை எரித்த இடமான நமுகோங்கோவுக்கு ஜனங்கள் நாட்கணக்காக நடந்தே போகிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அப்படித்தான்.

ஆகவே நாம் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட அங்கே போய் வாங்கிக்கொள்வது அதிகம். 1930களில் தொடங்கிய கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதலின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்னும் அந்தச் சபைகளில் இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் பாவத்தை வாய்விட்டு ஒத்துக்கொள்ளும் வழக்கம் அவர்களுடையது. ஒரு திங்கட்கிழமை ஜெபத்தில், இல்லத்தின் சமையற்கார அம்மா எழுந்து, முந்தின நாள் ஒரு பிள்ளையைக் கோபத்தில் அடித்ததைச் சொல்லி, அந்தப் பிள்ளையிடமே மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு பெரிய பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.

எங்கள் பிள்ளைகளில் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அவர்களை முஸ்லிம் உறவினர் வீட்டுக்கே அனுப்பினோம். அரிசி மூட்டையையோ ஸ்கூல் ஃபீஸையோ காட்டி யாரையும் ஞானஸ்நானத்துக்கு அழைப்பதை நாங்கள் ஊழியமாக நினைக்கவில்லை.

நோய் வராதா? பாதுகாப்பா?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்த அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் திரும்பி வந்தால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.

மலேரியாதான் உண்மையான எதிரி. கொசுவலைக்குள் தூங்குங்கள், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சோதனை. எனக்கு இரண்டு தடவை வந்தது. விக்டோரியா ஏரி அழகாக இருக்கிறது என்று கரையோரத் தண்ணீரில் கால் நனைக்காதீர்கள். அங்குள்ள நத்தைகள் வழியாக வரும் பில்ஹார்சியா புழு தோல் வழியாகவே உள்ளே போகும். சாலையில் 'போடா போடா' என்கிற மோட்டார் சைக்கிள் டாக்ஸிதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. ஹெல்மெட் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள், இரவில் வேண்டவே வேண்டாம்.

2022 செப்டம்பரில் எபோலா வந்தது. நவம்பரில் ஜின்ஜாவிலும் ஒருவருக்கு வந்தது. வீட்டிலிருந்து தினமும் போன், கிளம்பி வாருங்கள் என்று. உள்ளூர் நர்ஸ் கிளம்பவில்லை, அவருக்குக் கிளம்ப வேறு ஊரும் இல்லை. நாங்களும் இருந்தோம். பள்ளிகளை இரண்டு வாரம் முன்னதாக நவம்பர் 25-ல் மூடினார்கள். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறந்ததே அந்த வருஷம் ஜனவரியில்தான். பெரிய பிள்ளைகளின் முகத்தில் அன்று பார்த்த பயம் எபோலாவைப் பற்றியது இல்லை, மறுபடியும் பள்ளிக்கூடம் திறக்காமலே போய்விடுமோ என்று. 2023 ஜனவரியில் நோய் ஓய்ந்தது, அதன் பிறகு பள்ளி திறந்தது.

செலவு யார் கொடுப்பார்கள்?

நாங்கள்தான். டிக்கெட், விசா, காப்பீடு, சாப்பாடு எல்லாம். எங்கள் சேமிப்பு பாதி, சபையும் உறவினர்களும் மாதாமாதம் அனுப்பியது பாதி. சம்பளம் கிடையாது. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யாதீர்கள். தன்னார்வ வேலைக்கும் அனுமதி தேவை, அதை நிறுவனம் முறையாக வாங்கித் தர வேண்டும்.

கோடை விடுமுறையில் இரண்டு வாரம் போய்ப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வரலாமா?

இதைக் கேட்கிற வாலிபர்களின் மனதை நான் மதிக்கிறேன். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நான் இல்லத்துக்குப் போன முதல் நாளே மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டது, 'மாமா' என்றது. அங்கே அது அம்மா என்று அர்த்தம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நர்ஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். மாலையில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நல்லா வளர்ற குழந்தை தெரியாத ஆளைப் பார்த்தால் அம்மாவுக்குப் பின்னால் ஒளியும். இது ஒளியவில்லை. ஒளிய அதுக்கு யாரும் இல்லை."

வருகிறவர்கள் எல்லோரும் அன்பு காட்டுகிறார்கள், எல்லோரும் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் குழந்தைக்கு அது இன்னொரு பிரிவு. இல்லங்களில் வெளிநாட்டுத் தன்னார்வலர்களால் பிள்ளைகளுக்கு வருகிற கெடுதலைத் தடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2019-ல் தீர்மானமே போட்டிருக்கிறது. இரண்டு வாரம்தான் உண்டு என்றால், ஊழியர்களுக்குத் தெரியாத ஒன்றை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் டிக்கெட் காசை அந்த நர்ஸின் சம்பளத்துக்கு அனுப்புங்கள்.

போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடலாமா?

முகம் தெரியும்படி போடாதீர்கள். நம் பிள்ளை மூக்கொழுகக் கிழிந்த சட்டையோடு நிற்பதை ஊரான் எடுத்து உலகத்துக்குக் காட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

துணிமணி, பொம்மை கொண்டுபோகலாமா?

அங்கேயே எல்லாம் கிடைக்கும். ஜின்ஜா சந்தையில் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சீருடையை அவர்களிடம் தைக்கக் கொடுத்தால் அவர்கள் பிள்ளைகளுக்கும் அன்றைக்குச் சாப்பாடு.

எந்த நிறுவனத்தோடு போவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாங்கள் முதலில் விண்ணப்பித்த ஓர் இடத்தில் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எப்போது வருகிறீர்கள், எவ்வளவு கொண்டுவருவீர்கள், அவ்வளவுதான். நல்லவேளையாகப் போகவில்லை. நாங்கள் போன நிறுவனம் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து போலீஸ் சான்றிதழ் கேட்டது, மூன்று பேரிடம் எங்களைப் பற்றி விசாரித்தது, பிள்ளைகளோடு தனியாக ஓர் அறையில் இருக்கக்கூடாது என்று கையெழுத்து வாங்கியது. என் கணவருக்கு அது முதலில் வருத்தம். பிள்ளைகளைக் காப்பாற்றுகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று: போன வருஷம் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள்? இதற்குப் பதில் சொல்லத் தடுமாறினால் யோசியுங்கள். நிர்வாகத்தில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

பிள்ளைகளை விட்டு வர மனசு வந்ததா? இப்போதும் பேசுவீர்களா?

கஷ்டமாகத்தான் இருந்தது. கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லி, காலண்டரில் தேதியை வட்டம் போட்டுக் காட்டச் சொன்னார்கள். திடீரென்று காணாமல் போய்விடக் கூடாது என்பதற்காக. கடைசி நாள் பாட்டுப் பாடி, கடலைக் குழம்போடு மட்டோக்கே சாப்பிட்டு, எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு வந்தோம். எந்தேபே விமான நிலையம்வரை நானும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பிள்ளைகளுக்கு நாங்கள் நேராக போன் செய்வதில்லை, நிறுவனத்தின் வழியாகத்தான். தடுப்பூசி அட்டையை எடுத்துக் காட்டிய அந்தப் பாட்டி வீட்டுக்குச் சமூகப் பணியாளர் மாதம் ஒருமுறை போகிறார். போன மாதம் அங்கிருந்து வீடியோ கால் போட்டார். பாட்டி பேசினார், தரைக்குப் பூசிய சிமென்டைக் காட்டினார், ஆடு குட்டி போட்டதைக் காட்டினார். பையனைக் கூப்பிட்டார்கள். தூரத்திலிருந்து "வர்றேன்" என்று குரல் மட்டும் கேட்டது. பலா மரத்து மேலே இருந்தான். கடைசிவரை இறங்கி வரவில்லை.